சொன்னவர் பெயர் தெரியாது

சிகாகோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து இரவு 8 மணியை ஒட்டிப் புறப்படும் ரயில் ஒன்றுக்கு 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' என்று பெயர். இல்லினாய் மாநிலத்தின் சோளக்கொல்லைகளை இருட்டிலேயே தாண்டி, விடிகிற நேரத்தில் மெம்ஃபிஸைத் தொட்டு, மிசிசிப்பி மாநிலத்தை வடக்கிலிருந்து தெற்காக முழுக்கக் கடந்து, மறுநாள் பிற்பகல் நியூ ஆர்லியன்ஸில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஏறத்தாழ 1500 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ரயிலில்தான் போவேன் என்று நின்றேன். உலகம் முழுக்க இளைஞர்கள் இன்று பேசுகிற அமெரிக்க ஸ்லாங்கில் எத்தனையோ சொற்கள் இந்தத் தண்டவாளத்தின் வழியாகத்தான் வடக்கே ஏறி வந்தன. அவை வந்த வழியே திரும்பிப் போய், புறப்பட்ட ஊர்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

1910 முதல் 1970 வரையிலான அறுபது ஆண்டுகளில் தெற்கு மாநிலங்களை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர். பருத்திக்காட்டுக் கடனும் கும்பல் கொலைகளும் விரட்ட, அவரவர் ஊருக்கு எந்த ரயில் வாய்த்ததோ அந்த ரயில் போன ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மிசிசிப்பிக்காரர்களுக்கு வாய்த்தது 'இல்லினாய் சென்ட்ரல்' பாதை. அது கொண்டுவந்து விட்ட ஊர் சிகாகோ. ராபர்ட் அபாட் 1905இல் சிகாகோவில் தொடங்கிய 'டிஃபெண்டர்' பத்திரிகையை ரயில் பணியாளர்கள் கட்டுக்கட்டாகத் தெற்கே கொண்டுபோய் ஊர் ஊராகச் சேர்த்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். பிறகு ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறுவார்கள். மூட்டையில் இடம் பிடிக்காத பேச்சும் கூடவே ஏறிக்கொண்டது.

சிகாகோவில் தங்கை மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். "தாத்தா, இந்த பிரியாணி செம, நோ கேப்" என்பான். பொய்யில்லை, சத்தியமாகச் சொல்கிறேன் என்று பொருள். சரி என்பதற்கு "பெட்". எதையாவது செய்யக் கிளம்பும்போது "ஃபின்னா". இதெல்லாம் எங்கிருந்தடா வந்தது என்று கேட்டேன். "டிக்டாக்ல இருந்து தாத்தா" என்றான், யோசிக்காமல். அவன் வகுப்பில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்களாம். 'கேப்' உலகெங்கும் பரவியது அட்லாண்டா ராப் பாடகர்களால். அதற்கும் வெகுகாலம் முன்பே, பெருமையடித்துப் புளுகுவதைக் குறிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் அது இருந்திருக்கிறது. 'ஃபின்னா' தெற்கத்திய 'ஃபிக்சிங் டூ' தேய்ந்து வந்தது. பையனுக்கு இதைச் சொன்னபோது அக்கறையோடுதான் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்போ முதல்ல சொன்னது யாரு?" என்றான்.

அந்தக் கேள்வியோடுதான் ரயிலேறினேன்.

சிகாகோவுக்கே உரிய வழக்குகளும் உண்டு. 'டிப்ஸ்' அதில் எனக்குப் பிடித்தது. கடும் பனி பெய்த மறுநாள், தெருவோரத்தில் ஒரு கார் நிற்கும் அளவுக்குப் பனியை மண்வாரியால் அள்ளிப்போட்டு இடம் பண்ணியவர், வெளியே போகும்போது அங்கே ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போவார். அந்த இடத்தில் அவருக்கு டிப்ஸ். வேறு யாரும் வண்டியை விடக்கூடாது. சட்டப் புத்தகத்தில் இல்லாத உரிமை. தெருவே காவல் காக்கிறது. இங்கிலாந்துக் குழந்தைகள் ஆடிய, நம் அஞ்சாங்கல் போன்ற ஒரு விளையாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் என்கிறார்கள்.

பயணச்சீட்டைப் பார்த்த கண்டக்டர் "ஓகே" என்று தலையசைத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். அமெரிக்கா உலகுக்குக் கொடுத்த சொற்களில் இதைவிட அதிகம் புழங்குவது வேறில்லை. நம் ஊரில் படிக்காத பாட்டியும் ஓகே என்கிறார். இந்தச் சொல்லுக்குப் பிறந்த தேதியே உண்டு. 1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் அது அச்சானது. அந்நாளில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடையே வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு சுருக்கெழுத்துகளை உருவாக்குகிற விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓ'விலும் 'கே'யிலும் தொடங்குவதுபோல் தப்பாக எழுதிச் சுருக்கினார்கள். அடுத்த ஆண்டே அதிபர் தேர்தல். போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன் கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். அவருக்கு 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று பட்டப்பெயர் இருந்ததால் ஆதரவாளர்கள் ஓகே சங்கம் அமைத்தார்கள். சொல் நாடெங்கும் பரவிவிட்டது. இதை 1960களில் ஆதாரங்களோடு நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர். பத்திரிகைக்காரர்கள் கையில் அச்சு இருந்தது. அவர்களுடைய விளையாட்டுச் சொல்லுக்கும் நாள், கிழமை வாய்த்துவிட்டது. வயலிலும் லாயத்திலும் பிறந்த சொற்களுக்கு அந்தப் பேறு இல்லை.

வண்டி ஊர் எல்லை தாண்டிச் சிறிது தூரம் போனதும் நின்றது. இந்தத் தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதால் பயணிகள் ரயில் பல இடங்களில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியிருக்கிறது. கிளைப்பாதையில் ஒதுங்குவதை ரயில்காரர்கள் 'குழிக்குள் போவது' என்பார்கள். சிக்னல் கிடைத்து முழு வேகத்தில் கிளம்பினால் 'ஹைபால்'. பழைய காலத்தில் கம்பத்தின் உச்சிக்கு ஒரு பந்தை ஏற்றினால் பாதை காலியாக இருக்கிறது என்று அடையாளம். அந்தப் பந்துதான் பேச்சில் தங்கிவிட்டது. எதற்கும் ஆகாத சிற்றூரை 'ஜெர்க்வாட்டர்' என்று இகழ்வதும் ரயிலால் வந்ததே. நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க மட்டுமே நின்ற ஊர்கள் அவை. ஒருவரை விசாரணையே இல்லாமல் அவசரமாகத் தண்டித்தால் அவரை 'ரயில்ரோடு' பண்ணிவிட்டார்கள் என்பார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவன் என்றால் ஏழை வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவின் பல ஊர்களில் ரயில் பாதையே ஏழைக்கும் பணக்காரனுக்கும், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் எல்லைக்கோடாக இருந்தது என்பதை இந்த ஒரு வழக்கு எடுத்துச் சொல்லிவிடுகிறது.

உணவுப் பெட்டியில் என் எதிரே உட்கார்ந்தவர் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். கன்ககீ பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். ஆலையை மூடி இயந்திரங்களை மெக்சிகோவுக்கு ஏற்றியபோது, ஓய்வூதியத்தில் பாதி போய்விட்டது என்று சொன்னார். சொல்லும்போது அவர் கையிலிருந்த காகிதக் கோப்பை நசுங்கியது. "தே சோல்டு அஸ் டவுன் தி ரிவர்" என்றார். எங்களை ஆற்றோடு கீழே விற்றுவிட்டார்கள். நம்ப வைத்துக் கழுத்தறுத்தார்கள் என்கிற பொருளில் அமெரிக்க அலுவலகங்களிலும் செய்தித்தாள்களிலும் அன்றாடம் வருகிற தொடர் இது. அவர் துயரம் உண்மையானது. அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த தொடர் வேறொருவருடைய துயரத்திலிருந்து வந்தது. அந்த நேரத்தில் அவரிடம் அதைப் பேசத் தோன்றவில்லை. அந்த ஆற்றங்கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் இந்தப் பாதையின் படுக்கைப் பெட்டிகளில் பணிசெய்தவர்கள் புல்மேன் நிறுவனத்தின் கறுப்பினப் பணியாளர்கள். மெத்தை விரிப்பது, பெட்டி தூக்குவது, காலணி துடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. பயணிகள் அவர்கள் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மேன். அடிமையை ஆண்டையின் பெயரால் அழைத்த பழக்கத்தின் தொடர்ச்சி அது. அந்தத் தொழிலாளர்கள் 1925இல் ஃபிலிப் ரேண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்துப் போராடினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1937இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊர் ஊராகப் பத்திரிகை சுமந்தவர்கள் இவர்கள்தான். புதுச் சொற்களைச் சுமந்தவர்களும் இவர்கள்தான். நியூ ஆர்லியன்ஸில் கேட்டதைச் சிகாகோவிலும், சிகாகோவில் கேட்டதை மெம்ஃபிஸிலும் சொன்ன வாய்கள்.

நள்ளிரவு தாண்டி, ஒஹையோ ஆறு மிசிசிப்பியில் கலக்கிற இடத்தை ஒட்டி வண்டி பாலம் ஏறியது. அங்கே ஒரு ஊர் உண்டு. எகிப்தின் கெய்ரோவுக்கு எழுதுகிற அதே எழுத்துகள். உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'கேரோ'. நிறப் பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலத்தில், சிகாகோவிலிருந்து விரும்பிய இருக்கையில் அமர்ந்து வந்த கறுப்பினப் பயணிகள் தெற்கே தொடர இந்த இடத்தில் எழுந்து தனிப்பெட்டிக்கு மாற வேண்டும். 'ஜிம் க்ரோ' பெட்டி என்று பெயர். அதுவும் மேடைக் கேலியாகப் பிறந்த பெயர்தான். 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் பழித்து ஆடிய கூத்தின் பாத்திரம் ஜிம் க்ரோ. கூத்துப் பெயர் வசைப்பெயராகி, வசைப்பெயர் ஒரு சட்ட அமைப்புக்கே பெயராகிவிட்டது. இருட்டில் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாக ஜன்னலைக் கடந்தன. எனக்குத் தூக்கம் வரவில்லை.

மெம்ஃபிஸில் பாதி வண்டி இறங்கியது. ஏறியவர்களில் ஒரு மூதாட்டி என் பக்கத்து இருக்கைக்கு வந்தார். கறுப்பினப் பெண்மணி, தலையில் ஊதா நிறத் தொப்பி. மகள் வீட்டிலிருந்து கிரீன்வுட்டுக்குத் திரும்புகிறாராம். பையை மேலே வைத்துக் கொடுத்தேன். "தேங்க்யூ, பேபி" என்றார். எனக்கும் தலை நரைத்தாயிற்று. தெற்கில் அது தடையே இல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, "ஹூ யோர் பீப்பிள்?" என்றார். யார் வீட்டுப் பிள்ளை நீ? என்ன வேலை என்று கேட்கவில்லை, எந்த நாடு என்றும் கேட்கவில்லை. பெற்றோர் பெயர், ஊர், உடன்பிறந்தவர்கள் என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் 'ம்ஹ்ம்' கொட்டினார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேருந்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

குடிக்க "கோக்" வேண்டுமா என்று கேட்டார். சரி என்றதும் "வாட் கைண்ட்?" என்றார். தெற்கில் எந்தக் குளிர்பானமும் கோக்தான். ஆரஞ்சு நிறத்தில் இருந்தாலும் கோக். அதையே சிகாகோவில் 'பாப்' என்றும் நியூயார்க்கில் 'சோடா' என்றும் சொல்கிறார்கள். இந்த எல்லைகளை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம். காட்டியும் இருக்கிறார்கள். ஜமைக்காவில் பிறந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபிரெடெரிக் கேசிடி, 1965 முதல் 1970 வரை 1002 ஊர்களுக்கு ஆட்களை அனுப்பினார். 'சொல் வண்டி' என்று பெயரிட்ட வேன்களில் மாணவர்கள் போய்த் தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். விடை சொன்னவர்கள் விவசாயிகள், இல்லத்தரசிகள், மீன்பிடிப்பவர்கள், வயதானவர்கள். அமெரிக்க வட்டார வழக்கு அகராதியின் முதல் தொகுதி 1985இல் வந்தது. கேசிடி 2000ஆம் ஆண்டில் காலமானபோது வேலை முடிந்திருக்கவில்லை. கடைசி எழுத்து வரை போவோம் என்று அவர் எப்போதும் சொல்லிவந்த வாசகத்தையே கல்லறையில் பொறித்தார்கள். ஜோன் ஹால் என்ற பெண்மணி பொறுப்பேற்று, 2012இல் அந்தக் கடைசி எழுத்தைத் தொட்டார். முறையாகப் போய், உட்கார்ந்து, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று மக்களைக் கேட்ட வேலை அது. நம் கரிசல் வட்டார அகராதியைக் கி.ராஜநாராயணன் உருவாக்கியதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"ஐ'ம் ஃபிக்சிங் டூ கெட் ஆஃப், பேபி" என்று மூதாட்டி எழுந்தார். இறங்கப் போகிறேன். சிகாகோப் பையன் சொன்ன 'ஃபின்னா'வின் முழு உருவம் காதில் விழுந்தது. கிரீன்வுட் நிலையத்தில் அவரை அழைத்துப்போகப் பேரன் வந்திருந்தான்.

கிரீன்வுட்டிலிருந்து வடக்கே சில மைல் தொலைவில் 'மணி' என்ற சிற்றூர். 1955 ஆகஸ்டில், எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிகாகோப் பையன் உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தான். அவன் வந்த ரயிலின் பெயரும் 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்'தான். புறப்படும் முன் தாய் மேமி அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். வெள்ளையர் யாரானாலும் 'எஸ் சார்', 'நோ மேம்' என்று சொல்ல வேண்டும். சிகாகோப் பேச்சு அங்கே ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். ஒரு கடையில் வெள்ளைப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்று சொல்லி, சில நாளில் அவனை வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. பிறகு அவர்களே ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்நாளைய மிசிசிப்பியில் எழுபது வயதுக் கறுப்பினக் கிழவரையும் பத்து வயது வெள்ளைச் சிறுவன் 'பாய்' என்பான், இல்லையென்றால் 'அங்கிள்'. மிஸ்டர் என்ற முன்னொட்டு கிடையாது. பெண்களுக்கு மிஸ், மிசஸ் கிடையாது. ஊர்த்தெருச் சிறுவன் சேரிப் பெரியவரை ஒருமையில் அழைத்ததைப் பார்த்து வளர்ந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேரி ஹாமில்டன் என்ற குடிமை உரிமைப் போராளி 1963இல் அலபாமா நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றபோது, அரசு வழக்கறிஞர் அவரை வெறும் 'மேரி' என்றார். மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று அவர் உறுதியாக நின்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964இல் அவர் பக்கம் தீர்ப்பானது. ஜாஸ் கலைஞர்கள் ஒருவரையொருவர் 'மேன்' என்று விளித்துக்கொண்டது 'பாய்' என்ற வசைக்கு மறுமொழியாகத்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. இன்று சென்னைக் கல்லூரி மாணவனும் "வாட் மேன்" என்கிறான்.

கிரீன்வுட்டைத் தாண்டினால் இருபுறமும் தட்டையான பருத்தி நிலம். பனிக்காலம் ஆதலால் வெறும் தாள்கள்தான் நின்றன. வயலோரத்தில் தகரக் கூரை போட்ட பழைய மரக் கொட்டகைகள் தெரிந்தன. எது எது என்னவாக இருந்ததோ தெரியாது. ஆனால் இந்தப் பகுதியில் சனிக்கிழமை இரவுகளில் பாட்டும் ஆட்டமும் சாராயமுமாக நடந்த கொட்டகைகளுக்கு 'ஜூக் ஜாயிண்ட்' என்று பெயர். காசு போட்டால் பாடுகிற பெட்டிக்கு ஜூக்பாக்ஸ் என்று பெயர் வந்தது இதிலிருந்துதான். 'ஜூக்' எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் லோரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியறிஞர். தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் கறுப்பின மக்கள் பேசிய 'கல்லா' மொழியை, அரைகுறை ஆங்கிலம் என்று மற்ற அறிஞர்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம். டர்னர் 1930களில் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு அந்தத் தீவுகளுக்குப் போனார். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆயிரக்கணக்கான பெயர்களும் சொற்களும் கடல் கடந்து வந்தவை என்று 1949இல் நூலாக வெளியிட்டார். கல்லாவில் 'ஜூக்' என்றால் ஒழுங்கு கெட்டது; மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் அதற்கு நெருங்கிய உறவுச் சொற்கள் இருக்கின்றன. வேர்க்கடலையைக் குறிக்கும் 'கூபர்', வெண்டைக்காயைக் குறித்து இன்று குழம்புக்குப் பெயராகிவிட்ட 'கம்போ' இரண்டும் ஆப்பிரிக்கச் சொற்கள்தான். அரைகுறை என்று இகழப்பட்ட வாய்ப்பேச்சுக்கு வேர் உண்டு என்று காட்டிய அந்த நூலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

இன்று அமெரிக்க அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் திட்டப் பயன்படுத்துகிற 'வோக்' என்ற சொல்லும் ரயிலோடு சம்பந்தப்பட்டதுதான். 1931இல் அலபாமாவில் ஒரு சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போன ஒன்பது கறுப்பினச் சிறுவர்களையும் இளைஞர்களையும் இறக்கி, பாலியல் வன்முறை என்று பொய்க் குற்றம் சுமத்தினார்கள். எட்டுப் பேருக்கு முதலில் மரண தண்டனையே விதிக்கப்பட்டது. 'ஸ்காட்ஸ்பரோ' வழக்கு என்று பெயர்பெற்றது அது. லூசியானாவில் பிறந்த லெட் பெல்லி என்ற நாட்டுப்புறப் பாடகர் அதைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். 1938 ஒலிப்பதிவின் இறுதியில், அலபாமா வழியே போகும் கறுப்பினத்தவர் விழித்திருக்க வேண்டும் என்று பேச்சாகச் சொல்கிறார். அங்கே அவர் சொல்வது இந்தச் சொல்லைத்தான். உயிர் பிழைக்க ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. 1962இல் வில்லியம் மெல்வின் கெல்லி என்ற கறுப்பின எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பிலும் இந்தச் சொல் இருந்தது. கறுப்பினச் சொற்களை வெள்ளையர் எடுத்துக்கொண்டதும் பொருள் திரிந்துவிடுவதையும், சொன்னவர்கள் அதைக் கைவிட்டுப் புதியதைத் தேடுவதையும் அப்போதே விளக்கினார். அவர் பேசிய சொல்லுக்கே அது நேர்ந்துவிட்டது. எச்சரிக்கையை வசையாக்கியதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜாக்சனில் வண்டி சிறிது நேரம் நின்றது. மெக்கோம்ப் வரை பைன் காடுகள். இந்தப் பாதைக்கு மேற்கே, மிசிசிப்பியின் தென்மேற்கு மூலையில் உட்வில் என்ற ஊரில் 1909இல் பிறந்தவர் லெஸ்டர் யங். சாக்சஃபோன் மேதை. 'கூல்' என்ற சொல்லை இன்று நாம் பயன்படுத்தும் பொருளில் பரப்பியவர் என்று பலரும் சுட்டுவது அவரைத்தான். பணத்தை 'ப்ரெட்' என்றதும் அவரிடமிருந்து பரவியதாகச் சொல்வார்கள். நண்பர்களுக்கு மட்டுமே விளங்குகிற தனிமொழி ஒன்றையே அவர் பேசினார். பாடகி பில்லி ஹாலிடேவுக்கு 'லேடி டே' என்று பெயரிட்டவர் அவர். அவருக்கு 'பிரெஸ்' என்று அதிபர் பட்டம் சூட்டியவர் பில்லி. மிஸ் என்றுகூட அழைக்கப்படாத சமூகத்தில் ஒருவருக்கொருவர் சீமாட்டி என்றும் அதிபர் என்றும் பெயர் சூட்டிக்கொண்டார்கள். யங்கைப் படையில் சேர்த்து, சிறையிலும் வைத்தார்கள். எரிந்து விழக் காரணங்கள் ஏராளமாக இருந்த மனிதர், சூடேறாமல் இருப்பதை ஒரு சொல்லாக்கி வைத்திருந்தார்.

பாண்ட்சர்ட்ரெய்ன் ஏரியை ஒட்டி, நீருக்குள் நிற்கிற சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே போய், வண்டி நியூ ஆர்லியன்ஸில் நின்றது.

இந்த ஊர்ப் பேச்சுக்குத் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும். வடக்கு தெற்கு என்று யாரும் வழி சொல்வதில்லை; ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம் என்கிறார்கள். சாலை நடுவிலுள்ள புல்வெளித் திட்டுக்கு 'நியூட்ரல் கிரவுண்ட்' என்று பெயர். மளிகை வாங்கப் போவதை 'மேக்கிங் குரோசரீஸ்' என்பது பிரெஞ்சு பேசிய பாட்டிகள் விட்டுப்போன வழக்கு. ஒரு கடையில் வறுத்த இறால் வைத்த 'போ பாய்' ரொட்டி வாங்கினேன். 1929இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு டிராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாக ரொட்டி கொடுத்தார்கள். இதோ இன்னொரு பாவப்பட்ட பையன் வருகிறான் என்று உள்ளே குரல் கொடுத்ததில் வந்த பெயர் என்று ஊரே சொல்கிறது. கடைக்காரப் பெண் ஒரு இனிப்பைக் கூடுதலாக வைத்து "லான்யாப்" என்றார். நம் ஊர்க் கொசுறுதான். தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியில் தொடங்கி, ஸ்பானிய வழியாக லூசியானாவின் பிரெஞ்சுப் பேச்சில் ஒட்டிக்கொண்ட சொல் அது. மார்க் ட்வைன் 1883இல் மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய தன் நூலில் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

மாலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். பழுப்பு நீர், அகலமாக, நிதானமாகப் போனது. அடிமைகளை ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்வது 1808இல் தடைசெய்யப்பட்டபின் உள்நாட்டு வணிகம் பெருகியது. வர்ஜீனியா, மேரிலாந்து, கென்டக்கி பகுதிகளிலிருந்து பருத்திக்கும் கரும்புக்குமாகத் தெற்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். கென்டக்கியின் லூயிவில்லில் படகேற்றினால் ஒஹையோ வழியாக மிசிசிப்பியில் இறங்கி, நாச்செஸ் சந்தையிலோ நியூ ஆர்லியன்ஸ் சந்தையிலோ விற்பார்கள். கரும்புத் தோட்டங்களில் ஆயுள் குறைவு. பிள்ளையை விற்றால் தாய் மறுபடி பார்க்கப் போவதில்லை. 'ஆற்றோடு விற்றுவிடுவேன்' என்பது ஆண்டைகளின் மிரட்டலாக இருந்தது. ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையில் ஜிம் ஓடிப்போவதும் நியூ ஆர்லியன்ஸுக்கு விற்றுவிடுவார்கள் என்று காதில் விழுந்ததால்தான். உணவுப் பெட்டியில் கோப்பையை நசுக்கிய மனிதருக்கு இந்தக் கரையைக் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. அவருக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் காங்கோ சதுக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி ஆப்பிரிக்க முழவுகளை வாசித்த இடம். ஜாஸ் இசையின் ஊற்றுக்கண்களில் ஒன்று. இசைக்குத்தான் இங்கே ஊற்று. 'ஜாஸ்' என்ற சொல் இங்கே பிறக்கவில்லை. அது கலிபோர்னியாவில் பேஸ்பால் விளையாட்டுச் செய்திகளில் 1912, 1913 ஆண்டுகளில் முதலில் அச்சானது. உயிர்ப்பு, துடிப்பு என்ற பொருளில். 1915இல் சிகாகோவில் அதை இசையோடு சேர்த்து எழுதினார்கள். பிறகுதான் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. இசை வடக்கே போனது. அதன் பெயர் தெற்கே வந்தது. இந்த ஊரில் பிறந்த சிட்னி பெஷே தன் வாழ்க்கைக் கதையில், அது வெள்ளையர் இட்ட பெயர், எங்களுக்கு அது 'ராக்டைம்' என்கிறார்.

கடைசியாகப் போனது ஜென்டில்லி சாலையிலுள்ள 'ஃபேர் கிரவுண்ட்ஸ்' குதிரைப் பந்தய மைதானம். 1872 முதல் இருப்பது. பனிக்காலம்தான் பந்தயப் பருவம். வேலி ஓரம் நின்று பார்த்தபோது, ஓடி முடித்த குதிரைகளை வட்டமாக நடத்தி ஆறவைத்துக்கொண்டிருந்தார்கள். 1920 வாக்கில், இங்கே இப்படிக் குதிரை நடத்திக்கொண்டிருந்த இரண்டு கறுப்பின லாயக்காரர்கள் பேசிக்கொண்டதை நியூயார்க் 'மார்னிங் டெலிகிராஃப்' பத்திரிகையின் பந்தயச் செய்தியாளர் ஜான் ஃபிட்ஸ் ஜெரால்டு கேட்டார். நியூயார்க் நகருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பிக் ஆப்பிள்'. அவர் 1921 முதல் அதைத் தன் பத்தியில் எழுதினார். 1924இல், யாரிடம் கேட்டேன் என்பதையும் எழுதினார். ஜெரால்டு கோஹன், பேரி பாபிக் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தத் தடத்தைத் தேடிக் கண்டார்கள். 1997இல் நியூயார்க்கில் ஃபிட்ஸ் ஜெரால்டு வாழ்ந்த தெருமுனைக்கு 'பிக் ஆப்பிள் கார்னர்' என்று பெயர் சூட்டப்பட்டது. லாயக்காரர்களின் பெயரை அவர் தன் பத்தியில் குறிக்கவில்லை.

பேசியதைக் குறித்திருக்கிறார். இங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று ஒருவர் கேட்க, பிக் ஆப்பிளுக்கு என்று மற்றவர் பெருமையோடு சொன்னாராம். அப்படியானால் அந்த நோஞ்சான் குதிரைகளுக்கு முதலில் கொஞ்சம் சதை போடும்படி பாருங்கள், இல்லாவிட்டால் ஆப்பிளில் உங்களுக்குக் கிடைக்கப்போவது நடுத்தண்டு மட்டும்தான் என்று கேட்டவர் உடனே திருப்பிக் கொடுத்தாராம்.